முன்பல்லும் தலைத்துண்டும்

அத்தியாயம் 14

போன ஞாயிற்றுக்கிழமை தெக்லாவின் இரண்டாவது முன்பல் விழுந்த இடத்தில் கதையை விட்டிருந்தோம். எல்லோரும் பயேயாச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டில் டிங் என்று விழுந்தது. அதைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு அவள் அம்மா ரெமெய் ஒன்று சொன்னாள். அதிலிருந்து வீடு ஒரு வாரமாக உம்மென்று இருக்கிறது.

"சரி, அப்போ குழல் அடுத்த வருஷம்தான்."

ஏழரை வயதுப் பெண்ணுக்குப் பல் விழுவது ஒரு சேதியா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊரான பெனிமுர்தாவில் அது சேதிதான். ரெமெய் புதிய இசைச் சங்கத்தில் முதல் புல்லாங்குழல். மகளோ இரண்டு வருஷமாக "எனக்கும் குழல்" என்று அவள் பின்னாலேயே சுற்றுகிறாள். முதலில் கை நீளம் போதாது என்றாள் ரெமெய். இந்த ஜூனில் ஒரு முன்பல் விழ, அது முளைக்கட்டும் என்றாள். இப்போது அடுத்ததும் போயிற்று.

விழுந்த பல்லைத் தலையணைக்குக் கீழே வைத்தால் எலி வந்து எடுத்துக்கொண்டு மிட்டாய் வைத்துவிட்டுப் போகும் என்பது இங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும். தெக்லா எலிக்கு ஒரு சீட்டு எழுதி வைத்தாள். "மிட்டாய் வேண்டாம். பழைய பல்லைத் திருப்பி வை. ரொம்ப அவசரம்."

அதைப் படித்து அப்பா வோரோ வயிறு வலிக்கச் சிரித்தான். ரெமெய் சிரிக்கவில்லை. சீட்டை மடித்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

இனி இந்த ஞாயிறு. ஊர்த் திருவிழா.

காலை ஒன்பது மணிக்கு ரெமெய் சீருடைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நீலக் கோட்டு, பொன்னிறப் பொத்தான். வோரோ காபிக் கோப்பையோடு கதவில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தான்.

"உங்க மாஸ்டர் இந்த வருஷமாவது நேரத்துக்குக் கிளம்புவாரா? போன தடவை நீங்க வந்து அழைச்சுட்டுப் போவீங்கன்னு விழா ராணி வாசல்லயே நின்னு தூங்கிட்டா."

"உன் வேலையைப் பாரு. எலுமிச்சம்பழம் வாங்கி வச்சாச்சா?"

"என்ன எலுமிச்சம்பழம்?"

"நடிக்காத. ஃப்ரிட்ஜ்ல ஒரு டஜன் இருந்தது. மூணை நீ கோட்டுப் பையில போட்டதையும் பார்த்தேன்."

வோரோ பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு அசடு வழிந்தான்.

இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பெனிமுர்தாவில் இரண்டு சங்கங்கள். பழசு, புதுசு. 'புதுசு' பிறந்தே நூறு வருஷம் ஆகிவிட்டது, இருந்தாலும் அது புதுசுதான். திருவிழாவில் தெருவில் வாசித்துக்கொண்டு போகிற உரிமை ஒரு வருஷம் பழசுக்கு, மறு வருஷம் புதுசுக்கு. தெரு கிடைக்காத சங்கத்து ஆண்கள் மூலையில் நின்று, எதிராளி ட்ரம்பெட் ஊதிக்கொண்டு வரும்போது எலுமிச்சம்பழத்தை நறுக்கிச் சப்பிக் காட்டுவார்கள். பார்க்கிறவன் வாயில் எச்சில் ஊறும். ஊறினால் ட்ரம்பெட் பிசிறும். கௌரவமான மனிதர்கள், பேரப்பிள்ளை எடுத்தவர்கள், இதற்காக முந்தின நாளே பழம் பொறுக்குவார்கள்.

வோரோ பழசில் பம்மென்று ஒரு பெரிய பித்தளை வாத்தியம் ஊதுகிறவன். ரெமெய் புதுசு. அவர்கள் கல்யாணத்தை ஊர் இன்னும் கலப்புக் கல்யாணம் என்றுதான் சொல்கிறது. இரண்டு வீட்டாரும் ஓர் ஒப்பந்தத்தோடுதான் சம்மதித்தார்கள். பையன் பிறந்தால் பழசு, பெண் பிறந்தால் புதுசு. பிறந்தது தெக்லா மட்டும். அவளைப் புதுசில் எப்போது சேர்ப்பது என்பதை முடிவு செய்கிற உரிமை தாய்க்குப் போயிற்று. தாயோ, தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறாள்.

"ரெமெய், ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான் வோரோ. "அவ கேக்கறதை ஆரம்பிச்சுக் கொடுத்துடேன். எங்க சங்கத்துல ஆறு வயசுலேயே ஆரம்பிக்கறாங்க."

"எனக்கு அஞ்சு வயசுல ஆரம்பிச்சாங்க. தெரியுமில்ல?"

தெரியும். வோரோ மிச்சக் காபியைக் குடித்து முடித்தான்.

ரெமெய்க்கு ஐந்து வயதில் பெரியவர்கள் குழலைக் கையில் கொடுத்து வரிசையின் முன்னால் நிறுத்திவிட்டார்கள். ஊரே கைதட்டியது. கை எட்டவில்லை. எட்டுவதற்காக இடது தோளைத் தூக்கி, கழுத்தைச் சாய்த்து ஊதினாள். அந்தத் தோள் அப்படியே படிந்துவிட்டது. பதினெட்டு வயதில் வலென்சியாவில் இசைக் கல்லூரித் தேர்வு. இரண்டாவது பாட்டின் நடுவில் தோள் பிடித்துக்கொண்டது. குழலைக் கீழே இறக்கிவிட்டு வெளியே வந்தாள். கூடப் போன எல்வீரா தேறினாள். எல்வீரா இன்றைக்குப் பழைய சங்கத்தில் புல்லாங்குழல் டீச்சர். ரெமெய் ஆரஞ்சுக் கிடங்கில் பழம் பொதிகிறாள். அந்தத் தோளோடு பெட்டி தூக்குகிறாள். தன் பெண்ணுக்கு அது வரக்கூடாது. அவளுக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

அந்த நேரம் தெக்லா வந்தாள். தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு, முதுகில் பள்ளிக்கூடப் பை.

"அம்மா, நான் மார்த்தாகூட சதுக்கத்துக்குப் போறேன்."

"பை எதுக்கு?"

"மிட்டாய் வீசுவாங்கல்ல. போட்டுக்க."

ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசாத பெண், எக்கி நின்று அம்மாவின் கன்னத்தில் ஒரு முத்தமும் கொடுத்தாள். ரெமெய்க்கு மனசு இளகிவிட்டது. சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

பத்தரை மணிக்குப் புதிய சங்கத்தின் வாசலில் நீலக் கோட்டுகள் ஐம்பத்து மூன்று. மாஸ்டர் கொஸ்மே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மீசையைக் கடித்தார். ரெமெய் கல் விளிம்பில் பெட்டியை வைத்துத் திறந்தாள்.

புல்லாங்குழல் மூன்று துண்டு. ஊதுகிற தலைத்துண்டு, விரல் ஓடுகிற நடுத்துண்டு, சின்ன அடித்துண்டு. பெட்டியில் நடுத்துண்டு இருந்தது. அடித்துண்டு இருந்தது. தலைத்துண்டு இருக்க வேண்டிய பள்ளத்தில் ஒரு ஜோடி சுருட்டிய சாக்ஸ் இருந்தது.

"மாஸ்டர்..." என்றாள் ரெமெய்.

கொஸ்மே வந்து பார்த்தார். சாக்ஸை எடுத்து முகர்ந்துகூடப் பார்த்தார். அவர் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது.

"பழசு! பழசு வேலை! எலுமிச்சம்பழத்தோட நிக்கும்னு பார்த்தா, இப்போ திருட்டுக்கே இறங்கிட்டாங்களா?"

"சாக்ஸ் சின்னதா இருக்கு மாஸ்டர்" என்றாள் பின்னால் நின்ற இரண்டாம் குழல் பெண்.

ரெமெய் அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். மஞ்சள் சாக்ஸ். அவளே துவைத்துக் காயப்போட்ட சாக்ஸ். பெட்டி ஆடினால் சத்தம் வரக்கூடாதென்று யோசித்து வைத்த சாக்ஸ்.

"பத்து நிமிஷம் கொடுங்க மாஸ்டர்."

"பத்து நிமிஷமா? ராணி வாசல்ல நிக்கறா! நாங்க கிளம்பறோம். நீ எங்க வேணா வந்து சேர்ந்துக்கோ. முதல் குழல் இல்லாம போறேன், என் தலையெழுத்து!"

பெரிய பறை முழங்கியது. வரிசை நகர்ந்தது. அவள் முதல் குழலான இந்தப் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ரெமெய் இல்லாமல் புதுசு தெருவில் இறங்கியது.

ரெமெய் பெட்டியை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு, எதிர்க் கடை வாசலில் நின்ற வோரோவைப் பிடித்தாள்.

"உன் பொண்ணு எங்க?"

"என் பொண்ணா? தப்பு பண்ணா மட்டும் என் பொண்ணா?"

"வோரோ, விளையாடாத. தலைத்துண்டை எடுத்துட்டுப் போயிருக்கா. சதுக்கத்துல ஓடும்போது விழுந்து நசுங்கினா அவ்வளவுதான்."

வோரோவின் முகத்திலிருந்த கேலி போயிற்று. இருவரும் வேகமாக நடந்தார்கள். சதுக்கத்தில் தெக்லாவின் தோழி மார்த்தா இருந்தாள், வாய் நிறைய மிட்டாயோடு. தெக்லாவைக் காலையிலிருந்து பார்க்கவே இல்லை என்றாள். ரெமெய் முறைத்ததும் பயந்து ஒரு பக்கம் கையைக் காட்டிவிட்டாள். அது சாந்தா அன்னா தெரு.

சாந்தா அன்னா தெருவில்தான் பழைய சங்கம்.

புதுசுக்குத் தெரு கிடைக்கிற வருஷத்தில் பழசு சும்மா இருக்காது. அதே நேரத்தில் தன் கதவைத் திறந்து வைத்து, ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வந்து வாத்தியங்களைத் தொட்டுப் பார்க்கலாம் என்று போர்டு மாட்டும். வருகிற பிள்ளைக்கெல்லாம் குளிர்ந்த ஓர்சாத்தா ஒரு டம்ளர், தொட்டுத் தின்ன இனிப்பு ரொட்டி. இன்றைக்கும் மாட்டியிருந்தது.

அந்தக் கட்டடத்துக்கு இருபதடி முன்னால் ரெமெய் நின்றுவிட்டாள். மாடி ஜன்னலிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

குழலின் தலைத்துண்டு மட்டும். ஒரே ஒரு சுரம். நீளமாக, ஆடாமல், அவசரப்படாமல் போய்க்கொண்டே இருந்து, கடைசியில் தேயாமல் நின்றது. பிறகு ஒரு மூச்சு. மறுபடியும் அதே சுரம்.

"அட" என்றாள் ரெமெய். தேடி வந்ததை ஒரு கணம் மறந்தே போனாள். "எல்வீராவுக்கு நல்ல பிள்ளை ஒண்ணு கிடைச்சிருக்கு."

"ம்" என்றான் வோரோ.

"கேளு. சுரத்தை அமுக்கல, தள்ளல. வயசு பத்து பதினொண்ணு இருக்கும். இதுக்குத்தான் நான் சொல்றேன், நேரம் பார்த்து ஆரம்பிக்கணும்னு. ஏழு வயசுல பறந்தா இந்த மூச்சு வருமா? சொல்லு."

மூன்றாவது முறை சுரம் வந்தது. அது தொடங்குவதற்கு முன்னால், மிகச் சன்னமாக, 'இஸ்' என்று ஒரு காற்று.

ரெமெய்யின் கை வோரோவின் முழங்கையை இறுக்கியது.

அந்த 'இஸ்' அவளுக்குத் தெரியும். பல வருஷம் முன்பு தலைத்துண்டு கிடங்குத் தரையில் விழுந்து, உதடு வைக்கும் தட்டின் ஓரத்தில் மயிரிழை நெளிவு. அதிலிருந்து ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் அந்தக் காற்று வரும். அவளைத் தவிர யாருக்கும் கேட்காது. உலகத்தில் வேறு எந்தக் குழலுக்கும் அது கிடையாது.

"வோரோ. அது என் தலைத்துண்டு."

"ஆமா" என்றான் வோரோ மெதுவாக. "அப்போ ஊதறது..."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீதான் அனுப்பினியா?"

"சத்தியமா இல்ல. ஒப்பந்தத்தை மீறி உங்க அப்பாகிட்ட யார் உதை வாங்கறது?"

"போ. போய்க் கூட்டிட்டு வா."

"நீ?"

ரெமெய் தன் நீலக் கோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். நீலக் கோட்டு போட்ட யாரும் அந்த வாசற்படியை மிதித்ததில்லை. வோரோ உள்ளே போனான். அவள் ஜன்னலுக்கு நேர் கீழே, சுவரை ஒட்டி நின்றாள். மேலே பேச்சு தெளிவாகக் கேட்டது.

"யார் சொல்லிக் கொடுத்தா உனக்கு?" எல்வீராவின் குரல். பல வருஷம் ஆகியும் மாறாத குரல்.

"யாரும் இல்ல டீச்சர். அம்மா ஊதறதைப் பார்த்து."

"எப்போ ஊதிப் பார்ப்ப?"

"அம்மா சனிக்கிழமை கிடங்குக்குப் போவாங்க. அப்பா டிராக்டரைத் துடைப்பாங்க. அப்போ. தலைத்துண்டு மட்டும்தான் எடுப்பேன். மத்ததைத் தொட மாட்டேன், கை எட்டாது."

"வாயைத் திற, பார்க்கலாம். ஒண்ணு முளைச்சிருச்சே! பாதி வந்துடுச்சு."

"ஆமா. அம்மா பார்க்கல."

கீழே ரெமெய் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரு வாரமாக அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை என்று கோபப்பட்டாளே தவிர, கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கவில்லை.

"உங்க அம்மா நல்லா ஊதுவா. அவகிட்டயே கத்துக்கலாமே. ஏன் வேணாங்கறா?"

தெக்லாவின் குரல் தாழ்ந்தது.

"அம்மாவுக்குத் தோள் வலிக்கும் டீச்சர். சின்ன வயசுல தூக்கித் தூக்கி ஊதி வந்துச்சாம். எனக்கும் வந்துடும்னு பயம். என்கிட்ட சொல்ல மாட்டாங்க. அப்பாகிட்ட சொல்றப்போ கேட்டேன்."

"ஓ."

"அதனால நான் சுவத்துல முதுகை ஒட்டி நின்னுதான் ஊதுவேன். ரெண்டு தோளும் சுவத்துல படணும். தோள் கிளம்பிச்சுன்னா நிறுத்திட்டு முதல்ல இருந்து ஆரம்பிப்பேன். இப்போ கிளம்பறதே இல்ல."

ரெமெய் சுவரில் சாய்ந்தாள். கண்ணில் நீர் வந்தது. அவள் துடைக்கவில்லை. ஐந்து வயதில் ஊரே கைதட்டியபோது அவளிடம் யாரும் சொல்லாததை, தனக்கே முப்பது வயதில் வைத்தியர் சொல்லித் தெரிந்ததை, இந்தப் பொடிசு வீட்டுச் சுவரில் தானாகக் கண்டுபிடித்திருக்கிறது. இவள் என் பெண் என்று நினைத்தாள்.

பிறகு நீலக் கோட்டோடு வாசற்படியை மிதித்தாள்.

கீழே ஓர்சாத்தா குடித்துக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்றது. பழசின் பறைக்காரர் ஒருவர் சப்பிக்கொண்டிருந்த எலுமிச்சம்பழத்தை வாயிலிருந்து எடுக்க மறந்துவிட்டார்.

"ரெமெய்! வழி தவறிட்டியா?" என்று ஒருவன் கூவினான்.

"வழி தெரிஞ்சுதான் வந்திருக்கேன். தள்ளு."

மாடியில் வோரோ கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். உள்ளே போகவே இல்லை. அவனும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தான் என்று அவன் மூக்கு சிவந்திருந்ததிலிருந்து தெரிந்தது.

அம்மாவைக் கண்டதும் தெக்லா தலைத்துண்டை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு, தப்பு செய்தவள் என்று நினைவு வந்து, நீட்டினாள்.

"விழல அம்மா. சாக்ஸ்ல சுத்திதான் எடுத்து வந்தேன். இன்னொரு சாக்ஸ்ல."

ரெமெய் அதை வாங்கவில்லை.

"வாயைத் திற."

தெக்லா திறந்தாள். வலது பக்கம் ரம்பம் மாதிரி விளிம்போடு ஒரு புதுப் பல் பாதி வந்திருந்தது. இடது பக்கம் இன்னும் ஓட்டை.

"கையை நீட்டு. ரெண்டையும். இப்போ இடது கையால வலது தோளைத் தொடு. இன்னும் கொஞ்சம் பின்னால."

தொட்டது.

"திரும்பி நில்லு. சுவத்துல இல்ல, நடு அறையில. ஊது."

"என்ன சுரம்?"

"உனக்கு ஒண்ணுதானே வரும்? அதையே ஊது."

தெக்லா ஊதினாள். ரெமெய் பின்னால் மண்டியிட்டு, மகளின் இடது தோளின்மேல் உள்ளங்கையை வைத்தாள். லேசாக, கனம் தெரியாமல். முதல் மூச்சு. தோள் கிளம்பவில்லை. இரண்டாவது மூச்சு, இன்னும் நீளம். விலா மட்டும் விரிந்தது. மூன்றாவது முறை ரெமெய் வேண்டுமென்றே "இன்னும், இன்னும்" என்று விரட்டினாள். பயந்துபோய்த் தூக்குகிறாளா என்று பார்க்கத்தான். தெக்லா மூச்சு தீர்ந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"தீந்துடுச்சும்மா. இதுக்கு மேல ஊதினா தோள் வரும்."

எல்வீரா சிரித்துவிட்டாள். ரெமெய்யும் சிரித்தாள். பல வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே அறையில் சிரித்தது அன்றைக்குத்தான்.

"நீ என்ன சொல்ற?" என்று எல்வீராவிடம் கேட்டாள்.

"நான் என்ன சொல்றது? அதான் நீயே பார்த்துட்டியே."

"டீச்சரா சொல்லு."

"என்கிட்ட பதினாலு பிள்ளைங்க இருக்கு ரெமெய். எப்போ நிறுத்தணும்னு தெரிஞ்ச பிள்ளை ஒண்ணுகூட இல்ல. இவ தயார். அந்தப் பல் வர்றதுக்குள்ள உதடு பழகிடும்."

தயார் என்ற சொல்லைக் கேட்டதும் தெக்லா அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"தயார்தான்" என்றாள் ரெமெய். "எனக்குத்தான் ஒரு வருஷம் லேட்டாத் தெரிஞ்சிருக்கு."

தெக்லா குதிக்கவில்லை, கத்தவில்லை. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பொன்னிறப் பொத்தானில் முகத்தை அழுத்திக்கொண்டாள்.

எல்வீரா அலமாரியைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தாள். உள்ளே ஒரு குழல். தலைத்துண்டு நேராக இல்லாமல் கொக்கி மாதிரி வளைந்து திரும்பியிருந்தது. வளைந்திருப்பதால் விரல் வைக்கிற இடம் பக்கத்தில் வந்துவிடும். குட்டிக் கைக்கும் எட்டும். தோளைத் தூக்க வேண்டிய அவசியமே இல்லை. ரெமெய் அதை வாங்கித் தடவிப் பார்த்தாள். தன் ஐந்தாம் வயதில் இப்படி ஒன்று ஊரில் கிடையாது.

"உங்க சங்கத்துல இது இருக்கா?" என்று கேட்டாள் எல்வீரா.

"இல்ல. எங்களுக்கு நேர்க் குழல்தான். எட்டு வயசுக்கு அப்புறம்தான் கொடுப்போம்."

"ஊர்லயே இது ஒண்ணுதான். சங்கத்துச் சொத்து. சங்கத்துப் பிள்ளைக்குத்தான் கொடுக்க முடியும். நான் போட்ட சட்டம் இல்ல." எல்வீரா தயங்கினாள். "ஒரு வாரம் எடுத்து வைக்கறேன். உங்க வீட்டுல பேசிட்டுச் சொல்லு. உங்க ஒப்பந்தம் ஊருக்கே தெரியும்."

ரெமெய் வோரோவைப் பார்த்தாள்.

"நான் வாயே திறக்கல, கவனிச்சியா?" என்றான் வோரோ.

"கவனிச்சேன். மூஞ்சி மட்டும் பெரிய கச்சேரியே வைக்குது."

"மூஞ்சிக்கு நான் பொறுப்பில்ல."

ரெமெய் யோசித்தாள். அப்பா சத்தம் போடுவார். மாஸ்டர் கொஸ்மே என்ன செய்வார் என்று சொல்லவே வேண்டாம். இன்னும் ஒரு வருஷம் பொறுத்தால் புதுசிலேயே சேர்க்கலாம், நேர்க் குழலில், எட்டாத கையோடு. அதற்கும் மேல் கை எட்டுகிற வரை காத்திருந்தால் இந்தப் பெண் சனிக்கிழமைதோறும் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு ஒற்றைச் சுரத்தை ஊதிக்கொண்டிருப்பாள்.

"பேனா கொடு" என்றாள்.

படிவத்தில் தாய் என்று போட்ட இடத்தில் முழுப் பெயரையும் எழுதினாள். எல்வீரா மை உலர ஊதினாள்.

அப்போது தெருக்கோடியில் பெரிய பறை கேட்டது.

ராணியை அழைத்துக்கொண்டு புதுசு சாந்தா அன்னா தெருவுக்குள் திரும்பிவிட்டது. கீழே பழசின் ஆண்கள் எலுமிச்சம்பழத்தோடு வாசலுக்கு ஓடினார்கள். ரெமெய் தன் தலைத்துண்டை எடுத்துக்கொண்டு படிகளில் இறங்கினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது வரிசை நேர் எதிரே வந்திருந்தது. பழசின் வாசற்படியில், பழசின் ஆட்கள் நடுவில், நீலக் கோட்டில் அவள் நின்றாள்.

மாஸ்டர் கொஸ்மே கையைத் தூக்கினார். பாட்டு நடுவில் அறுந்தது. நடுத்தெருவில் வரிசையை நிறுத்துவது எங்கள் ஊரில் மாதா ஊர்வலத்துக்கு மட்டும்தான்.

"ரெமெய்! அந்த வாசல்ல உனக்கு என்ன வேலை?"

தெரு முழுவதும் கேட்டது. சொல்ல ஒரு நல்ல பதில் அவள் கையிலேயே இருந்தது. குழந்தை எடுத்து வந்துவிட்டது, வாங்கிப் போக வந்தேன் என்று தலைத்துண்டைத் தூக்கிக் காட்டினால் போதும். பொய்யும் இல்லை. எல்லோரும் சிரித்திருப்பார்கள், வரிசை நகர்ந்திருக்கும்.

மாடி ஜன்னலில் தெக்லா நின்றிருந்தாள். வாய் முழுக்கத் திறந்து, ஓட்டையும் புதுப் பல்லும் தெரிய, கீழே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என் பொண்ணைச் சேர்த்துட்டு வரேன் மாஸ்டர்."

"சேர்த்தியா?" கொஸ்மேவின் மீசை ஆடியது. "எதுல?"

எந்தச் சங்கத்தில் என்றுதான் அவர் கேட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். ரெமெய்க்கும் தெரியும். அவள் தலையை நிமிர்த்தி, நீலக் கோட்டு ஐம்பத்து இரண்டுக்கும் எலுமிச்சம்பழக் கூட்டத்துக்கும் ஒருசேரக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"புல்லாங்குழல்ல."

பழசின் பக்கம் ஒருவன் கைதட்ட ஆரம்பித்து, யாரும் சேராததால் நிறுத்திக்கொண்டான். புதுசின் வரிசையில் யாரும் அசையவில்லை. கொஸ்மே அவளைப் பார்க்காமல் எதிரே வெறித்தார்.

"முதல் வரிசையில உன் இடத்துக்கு ஆள் வந்தாச்சு" என்றார். "வேணும்னா எங்கயாவது நில்லு. மத்ததைச் சாயங்காலம் சங்கத்துல எல்லாரும் கூடிப் பேசுவோம்."

ரெமெய் பெட்டியிலிருந்து குழலை எடுத்துத் தலைத்துண்டைச் செருகித் திருகினாள். கடைசி வரிசைக்குப் பின்னால், யாருமில்லாத இடத்தில் போய் நின்று, குழலை உதட்டில் வைத்துக்கொண்டு மாஸ்டரின் கையசைவுக்காகக் காத்திருந்தாள்.